“அந்தம்மா ஜெயிச்சாங்களா, டீச்சர்?”

ஒன்பதாம் வகுப்பில் மனித உரிமைகள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பணியிடத்தில் பெண்களின் பாதுகாப்பு பற்றிச் சொல்லும்போது, பாடநூலைத் தாண்டி, ராஜஸ்தானைச் சேர்ந்த பன்வாரி தேவியின் வழக்கை மாணவர்களுக்கு ஏற்ற அளவில் சுருக்கமாகச் சொன்னேன். அவருக்குக் கொடுமை செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களை விசாரணை நீதிமன்றம் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. அதே சம்பவத்தை ஒட்டி உச்ச நீதிமன்றத்துக்குப் போன இன்னொரு வழக்கோ இந்தியப் பெண்கள் அனைவருக்கும் ஒரு பாதுகாப்பைப் பெற்றுத் தந்தது.

இரண்டாம் வரிசையில் இருந்த மாணவி எழுந்து கேட்டாள். “அப்போ அந்தம்மா ஜெயிச்சாங்களா, தோத்தாங்களா, டீச்சர்?”

மணி அடித்துவிட்டது. “நாளைக்குச் சொல்றேன்” என்று தப்பித்தேன். உண்மையில் அப்போது என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடியபோது, சில ஆண்டுகளுக்கு முன் நானே செய்த ஒரு தவறும் கூடவே எழுந்து வந்தது. அதையும் மறைக்காமல் இங்கே எழுதுகிறேன். இதைப் படிக்கும் ஆசிரியர் ஒருவராவது அதே தவறைச் செய்யாமல் இருக்கக்கூடும்.

ஒரே சம்பவம், இரண்டு வழக்குகள்

பன்வாரி தேவி ஜெய்ப்பூருக்கு அருகில் உள்ள பட்டேரி கிராமத்தைச் சேர்ந்தவர். ராஜஸ்தான் அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் ‘சாத்தின்’ என்ற பெயரில், மதிப்பூதியம் பெற்றுக் கிராம அளவில் பணியாற்றியவர். குழந்தைத் திருமணங்களைத் தடுப்பது அந்தப் பணியின் ஒரு பகுதி. 1992-இல் ஊரில் செல்வாக்குள்ள ஒரு குடும்பத்தில், ஒரு வயதுகூட நிறையாத பெண் குழந்தைக்கு நடக்க இருந்த திருமணத்தைத் தடுக்க முயன்றார். அதன் பின் அவருடைய குடும்பத்தை ஊர் ஒதுக்கியது. அந்த ஆண்டு செப்டம்பர் 22 அன்று, வயலில் கணவரோடு வேலை செய்துகொண்டிருந்தபோது ஐந்து பேர் கணவரைத் தாக்கித் தம்மைக் கூட்டு வன்கொடுமை செய்ததாக அவர் புகார் கொடுத்தார். மருத்துவப் பரிசோதனை இரண்டு நாட்களுக்கு மேல் தாமதமானது.

பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவரின் பெயரை அவருடைய எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இன்றி வெளியிடுவது சட்டப்படி குற்றம் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பன்வாரி தேவி தம் பெயரோடும் முகத்தோடும் நீதி கேட்டுப் பொதுவெளிக்கு வந்தவர். அதனால்தான் அவர் பெயரை நாம் சொல்கிறோம். நம் பள்ளியிலோ ஊரிலோ நடந்த சம்பவத்தைப் பேசும்போது யாருடைய பெயரையும் சொல்லும் உரிமை நமக்கு இல்லை. ஆசிரியர் அறைப் பேச்சுக்கும் வாட்ஸ்ஆப் குழுக்களுக்கும் இது பொருந்தும்.

இந்த ஒரு சம்பவத்திலிருந்து இரண்டு வழக்குகள் பிறந்தன.

முதலாவது குற்ற வழக்கு. ஐந்து பேர் குற்றம் செய்தார்களா என்பதுதான் அதில் கேள்வி. 1995 நவம்பரில் விசாரணை நீதிமன்றம் வன்கொடுமைக் குற்றச்சாட்டிலிருந்து ஐந்து பேரையும் விடுவித்து, தாக்குதல் போன்ற சிறு குற்றங்களுக்கு மட்டும் தண்டனை விதித்தது. சாதியையும் வயதையும் காரணம் காட்டி, இப்படி நடந்திருக்க வாய்ப்பில்லை என்ற வகையில் தீர்ப்பு எழுதப்பட்டது நாடெங்கும் கண்டனத்துக்கு உள்ளானது. மேல்முறையீடு ராஜஸ்தான் உயர் நீதிமன்றத்துக்குப் போய், அங்கே ஆண்டுக்கணக்கில் கிடந்தது. அதற்குள் குற்றம் சாட்டப்பட்டவர்களில் சிலர் இறந்தும் போனார்கள்.

இரண்டாவது வழக்கு 1992-லேயே தொடங்கிவிட்டது. ‘விசாகா’ உள்ளிட்ட பெண்கள் அமைப்புகள், அரசியலமைப்பின் 32-ஆம் பிரிவின் கீழ் நேரடியாக உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. அந்த ஐந்து பேரைத் தண்டிக்க வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை அல்ல. வேலை செய்ததற்காகவே ஒரு பெண் தாக்கப்பட்டிருக்கிறாள், வேலை செய்யும் பெண்ணை வேலையிடத்தில் பாதுகாக்கும் பொறுப்பு யாருடையது, அதற்கு நாட்டில் சட்டம் எங்கே என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி.

1997 ஆகஸ்ட் 13 அன்று தலைமை நீதிபதி ஜே.எஸ். வர்மா, நீதிபதிகள் சுஜாதா மனோகர், பி.என். கிர்பால் ஆகியோர் அடங்கிய அமர்வு தீர்ப்பளித்தது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் என்பது சமத்துவம், பாகுபாட்டுக்கு எதிரான உரிமை, தொழில் செய்யும் உரிமை, கண்ணியமான வாழ்வுக்கான உரிமை ஆகிய அடிப்படை உரிமைகளை மீறுவது என்று அத்தீர்ப்பு கூறியது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றும்வரை, எல்லாப் பணியிடங்களும் கடைப்பிடிக்க வேண்டிய நெறிமுறைகளை நீதிமன்றமே வகுத்தது. 1993-இல் இந்தியா ஏற்றுக்கொண்ட, பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிப்பதற்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையும் அதற்குத் துணை நின்றது.

யார் யாருக்காக வாதாடுகிறார்கள்?

மாணவர்களுக்கு, ஏன் நமக்கும்கூட, நீதிமன்றம் என்றாலே திரைப்படக் காட்சிதான் நினைவுக்கு வரும். பாதிக்கப்பட்டவருக்கு ஒரு வக்கீல், எதிரிக்கு ஒரு வக்கீல், நடுவில் நீதிபதி. குற்ற வழக்கு அப்படி நடப்பதில்லை.

குற்ற வழக்கில் ஒரு தரப்பு அரசு. குற்றம் ஒரு தனிமனிதருக்கு எதிராக மட்டும் நடந்ததல்ல, சமூகத்துக்கு எதிராக நடந்தது என்பதால் அரசு வழக்கறிஞரே வழக்கை நடத்துவார். பாதிக்கப்பட்டவர் அதில் ஒரு சாட்சி. அவர் தமக்கென ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் நீதிமன்றத்தின் அனுமதியோடு அரசு வழக்கறிஞருக்கு உதவுவதே அவருடைய பங்கு. தம் வாழ்க்கையில் நடந்த கொடுமையைப் பற்றிய வழக்கில் தாம் வெறும் சாட்சியாக நிற்பது பலருக்கும் அதிர்ச்சியாக இருக்கும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்த அதிர்ச்சி குறையும்.

மறுபக்கம் குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் இருப்பார். “கெட்டவங்களுக்கு எதுக்கு டீச்சர் வக்கீல்?” என்று கேட்காத வகுப்பே இல்லை. நான் என் சொந்த அனுபவத்தைச் சொல்வேன். ஒருமுறை வகுப்பில் ஜியாமெட்ரி பாக்ஸ் காணாமல் போனது. ஏற்கெனவே சேட்டைக்காரன் என்று பெயர் வாங்கிய மாணவனை நான் எல்லோர் முன்னிலையிலும் நிறுத்தி வைத்துக் கேட்டேன். மறுநாள் அந்தப் பெட்டி, அதைத் தொலைத்தவளின் வீட்டிலேயே கிடைத்தது. அன்று அவனுக்காகப் பேச ஒருவர் இருந்திருந்தால், “டீச்சர், இவன் எடுத்ததை யார் பார்த்தது?” என்று என்னைக் கேட்டிருப்பார். வழக்கறிஞரின் வேலை அந்தக் கேள்வியைக் கேட்பதுதான். கைதானவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கும் உரிமையை அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு தருகிறது. பணமில்லாதவருக்கு இலவசச் சட்ட உதவி கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும் என்று 39-ஏ பிரிவு சொல்கிறது.

குற்ற வழக்கில் தண்டனை சிறை. ஆகவே அங்கே நிரூபிக்க வேண்டிய அளவும் மிக உயரம். நியாயமான ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். விடுதலை என்பதற்கு ‘அப்படி எதுவும் நடக்கவில்லை’ என்று எப்போதும் பொருள் அல்ல. ‘தண்டிக்கும் அளவுக்கு நிரூபிக்கப்படவில்லை’ என்பதும் விடுதலையே. துறை விசாரணையில் அளவுகோல் வேறு. இருதரப்பு ஆதாரங்களையும் எடை போட்டு, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்ப்பார்கள். ஒரே செயலுக்காகக் காவல்துறை வழக்கும் துறை விசாரணையும் தனித்தனியே நடக்கலாம் என்பதற்கும், இரண்டின் முடிவும் வேறு வேறாக இருக்கலாம் என்பதற்கும் இதுவே காரணம்.

விசாகா வழக்கில் மீனாட்சி அரோரா, நைனா கபூர் ஆகிய பெண் வழக்கறிஞர்கள் நின்றார்கள். மூத்த வழக்கறிஞர் ஃபாலி எஸ். நாரிமன் ‘அமிகஸ் கியூரி’யாக, அதாவது எந்தத் தரப்புக்காகவும் அல்லாமல் நீதிமன்றத்துக்கு உதவுபவராகப் பங்கேற்றார். தண்டனை கேட்கும் வழக்காக மட்டும் பார்த்திருந்தால் அது ஒரு கிராமத்தின் வழக்காகவே முடிந்திருக்கும். இது வேலையிடத்துச் சமத்துவம் பற்றிய கேள்வி என்று மாற்றிப் பார்த்ததில்தான் அந்த வழக்கின் வலிமை இருந்தது.

முன்னே நடந்தவர்கள்

அப்படிப் பார்ப்பதற்கு முன்னோடிகள் இருந்தார்கள். சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்த சி.பி. முத்தம்மா, 1949-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். அந்தப் பணியில் உள்ள பெண் திருமணம் செய்ய அரசின் அனுமதி பெற வேண்டும் என்று விதி இருந்தது. ஆணுக்கு அப்படி விதி இல்லை. பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது அவர் உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடக்கும்போதே அரசு பதவி உயர்வைக் கொடுத்துவிட்டது. ஆகவே 1979-இல் மனு தள்ளுபடியானது. ஆனால் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, இத்தகைய விதிகளில் உள்ள பாகுபாட்டைக் கடுமையாகக் கண்டித்து, பணி விதிகளைத் திருத்தி அமைக்கச் சொன்னது. மனு தள்ளுபடி, ஆனால் வாதம் வெற்றி.

1981-இல் ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் தொடுத்த வழக்கு இன்னொன்று. 35 வயதில் ஓய்வு, பணியில் சேர்ந்து நான்கு ஆண்டுகளுக்குள் திருமணம் செய்தால் வேலை போகும், முதல் கருவுற்றதும் வேலை போகும் என்று விதிகள் இருந்தன. கருவுற்றால் வேலை நீக்கம் என்பதை உச்ச நீதிமன்றம் நீக்கியது. நான்கு ஆண்டுத் திருமணத் தடையை அப்போது ஏற்றுக்கொண்டது. பாதி வெற்றி, பாதி தோல்வி. உரிமைகள் இப்படித்தான் வந்திருக்கின்றன. வகுப்பில் இவற்றைச் சொல்லும்போது, மகப்பேறு விடுப்பு எடுத்துத் திரும்பி வந்து பாடம் நடத்தும் எங்களைப் போன்றவர்களை மாணவிகள் சற்று வேறு விதமாகப் பார்ப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

பள்ளிக்கு வந்து சேர்ந்த சட்டம்

விசாகா நெறிமுறைகள் சட்டமாக மாற 16 ஆண்டுகள் ஆயின. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013 டிசம்பர் 9 முதல் நடைமுறையில் உள்ளது. பள்ளியும் ஒரு பணியிடம். நிரந்தர ஊழியர், தொகுப்பூதியப் பணியாளர், தினக்கூலி, ஒப்பந்தக்காரர் வழியே வந்தவர், ஊதியமின்றித் தன்னார்வமாக வேலை செய்பவர் என எல்லாப் பெண்களும் இச்சட்டத்தின் பாதுகாப்புக்குள் வருகிறார்கள். மதிப்பூதியத்தில் வேலை செய்த ஒரு பெண்ணிலிருந்து பிறந்த சட்டம் அல்லவா?

பத்துப் பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். தலைவர், அங்கே பணிபுரியும் மூத்த பெண் அலுவலர். உறுப்பினர்களில் குறைந்தது பாதிப்பேர் பெண்கள். வெளியிலிருந்து, பெண்கள் நலனில் ஈடுபாடுள்ள அமைப்பைச் சார்ந்த ஒருவரும் இருக்க வேண்டும். பத்துப் பேருக்கும் குறைவாகப் பணிபுரியும் சிறிய பள்ளி என்றாலோ, புகார் பணி வழங்குபவர் மீதே என்றாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர் குழுவிடம் போகலாம்.

குழு 90 நாட்களுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். முடித்த பத்து நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அறிக்கையின் மீது 60 நாட்களுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். விசாரணைக் காலத்தில் அந்தப் பெண் கேட்டால், இருவரில் ஒருவரை இடமாற்றவோ அவருக்கு மூன்று மாதம் வரை விடுப்புத் தரவோ குழு பரிந்துரைக்கலாம். அவர் காவல்துறைக்கும் போக விரும்பினால், பணி வழங்குபவர் அதற்கு உதவ வேண்டும் என்பதும் சட்டத்தில் உள்ளது.

நான் செய்த மூன்று தவறுகள்

இனி என் கதைக்கு வருகிறேன். பள்ளியின் பெயரும் ஊரின் பெயரும் வேண்டாம். முன்பு நான் பணிபுரிந்த ஒரு பள்ளியில் தூய்மைப் பணி செய்த பெண் ஒருவர், ஒரு டிசம்பர் மாத மாலையில் என்னிடம் வந்தார். வளாகத்தில் வேலை பார்த்த ஒருவர் தன்னிடம் தொடர்ந்து தவறாகப் பேசுவதாகவும், நவம்பரில் ஒருநாள் கையைப் பிடித்து இழுத்ததாகவும் சொன்னார். “இதை யாருகிட்டச் சொல்றதுன்னே தெரியல டீச்சர். உங்ககிட்டச் சொல்லணும்னு தோணுச்சு.”

நான் சொன்னது இதுதான். “அரையாண்டுத் தேர்வு முடியட்டும்க்கா, பார்க்கலாம்.”

அரையாண்டு முடிந்தது. அப்புறம் திருப்புதல் தேர்வு, செய்முறைத் தேர்வு, பொதுத் தேர்வுப் பணி. நடுவில் ஒருமுறை அவர் மீண்டும் கேட்டபோது, “எழுதிக் கொடுக்கணும்க்கா. கேஸுன்னு போனா வக்கீல் வைக்கணும். உங்களால முடியுமா?” என்று கேட்டேன். அக்கறையோடு கேட்பதாகத்தான் அப்போது நினைத்தேன். அவர் பேசாமல் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மார்ச் கடைசியில், குழு உறுப்பினர் பட்டியலைப் பார்க்கலாம் என்று அலுவலகம் போனேன். பட்டியலில் தலைவராக இருந்தவர் மாறுதலாகிப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. “மூணு மாசத்துக்குள்ள கொடுக்கணுமே டீச்சர், அது தாண்டிடுச்சே” என்றார்கள். சரி என்று திரும்பி வந்தேன். ஏப்ரலில் அவர் வேலையை விட்டு நின்றுவிட்டார். வீட்டு வேலைக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன்.

அடுத்த ஆண்டு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு நடத்திய விழிப்புணர்வு முகாம் ஒன்றில் உட்கார்ந்திருந்தபோதுதான், நான் சொன்ன ஒவ்வொன்றும் தவறு என்று தெரிந்தது.

முதல் தவறு, கால அளவு. புகார் தர மூன்று மாதம் என்பது உண்மை. ஆனால் தொடர்ந்து நடக்கும் துன்புறுத்தலில், கடைசியாக நடந்த நாளிலிருந்துதான் அந்த மூன்று மாதத்தைக் கணக்கிட வேண்டும். அதற்கு மேலும், முன்பே புகார் தர முடியாமல் போனதற்குக் காரணம் இருந்தால், அதை எழுத்தில் பதிவு செய்து மேலும் மூன்று மாதம் வரை குழு நீட்டிக்கலாம். மார்ச் கடைசியில் வழி அடைபட்டிருக்கவில்லை. தவிர, காவல்துறையில் புகார் கொடுப்பதற்கு இந்த மூன்று மாதக் கணக்கு பொருந்தவே பொருந்தாது.

இரண்டாவது தவறு, எழுதுவது. புகார் எழுத்தில்தான் இருக்க வேண்டும். ஆனால் எழுத முடியாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை. அவராலேயே புகார் தர இயலாத நிலை என்றால், அவருடைய எழுத்துப்பூர்வமான ஒப்புதலோடு, சம்பவம் பற்றி அறிந்த இன்னொருவர் தரலாம். அந்த இன்னொருவர் நானாக இருந்திருக்க முடியும்.

மூன்றாவது தவறு, வக்கீல். உள்ளகக் குழுவின் முன் எந்தத் தரப்பும் தமக்காக வாதாட வழக்கறிஞரைக் கொண்டுவரவே முடியாது. விதியே அதைத் தடுக்கிறது. வசதியுள்ளவர் வழக்கறிஞரோடும் இல்லாதவர் தனியாகவும் நிற்கும் நிலை அங்கே வராது. நீதிமன்றம் வரை போக நேர்ந்தாலும், சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987-இன்படி வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் எந்தப் பெண்ணுக்கும் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். குழந்தைகளுக்கும், பட்டியல் சாதியினருக்கும், பழங்குடியினருக்கும் அதே உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் ஆணைக்குழு அலுவலகத்தை நேரில் அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.

“உங்களால முடியுமா?” என்று நான் கேட்ட கேள்விக்கு, ‘முடியும்’ என்ற பதிலைச் சட்டம் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தது. எனக்குத்தான் அது தெரியவில்லை.

எதிர்த் தரப்பின் கேள்வியும் நியாயமானதே

இதை ஒரு குறுவள மையக் கூட்டத்தில் பகிர்ந்தபோது ஆண் ஆசிரியர் ஒருவர் கேட்டார். “பொய்ப் புகார் வந்தா எங்க நிலைமை என்னங்க?” பலர் மனதில் உள்ள கேள்வி அது. சட்டம் அதையும் நினைத்துப் பார்த்திருக்கிறது. புகாரின் நகல் எதிர்த் தரப்புக்குத் தரப்பட வேண்டும். பத்து வேலை நாட்களுக்குள் அவர் தம் பதிலையும் ஆவணங்களையும் சாட்சிகளின் பெயர்களையும் தரலாம். இருதரப்பையும் கேட்காமல் குழு முடிவெடுக்க முடியாது. முடிவில் குறை இருந்தால் இரு தரப்புமே 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். புகார் தீய எண்ணத்தோடு கொடுத்த பொய் என்று விசாரணையில் தெரிந்தால் அதற்கும் நடவடிக்கை உண்டு. ஆனால் நிரூபிக்க முடியவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் புகார் கொடுத்தவர் மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது. விசாரணை விவரங்களை வெளியே சொல்வதும் தடை செய்யப்பட்டுள்ளது. அந்த ரகசியம் இரு தரப்பையும் காக்கிறது.

சமரசம் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊர்களில் “பேசி முடிச்சிடலாம்” என்பது எளிதாக வரும். புகார் கொடுத்த பெண் தாமே கேட்டால் மட்டும், விசாரணை தொடங்கும் முன் குழு சமரசத்துக்கு முயலலாம். பணம் கொடுத்து முடிப்பது சமரசத்துக்கு அடிப்படையாக இருக்கக் கூடாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது.

பாதிக்கப்பட்டவர் மாணவர் என்றால்

இங்கே ஒரு வேறுபாட்டை நாம் மறக்கவே கூடாது. 18 வயது நிறையாதவர் பாதிக்கப்பட்டால் அது போக்சோ சட்டம், 2012-இன் கீழ் வரும். பெரியவர் விஷயத்தில் புகார் தருவதா வேண்டாமா என்பது அவருடைய விருப்பம். குழந்தை விஷயத்தில் தகவல் தெரிந்த யாராக இருந்தாலும் காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரையும், நிறுவனப் பொறுப்பில் உள்ளவர் தமக்குக் கீழ் பணிபுரிபவர் செய்ததை மறைத்தால் ஓராண்டு வரையும் சிறை கிடைக்கலாம். ‘முதலில் நாமே விசாரித்துப் பார்ப்போம்’ என்பதற்கு அங்கே இடமில்லை. 1098 என்ற எண் நம் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

குழந்தையை நீதிமன்றத்தில் வக்கீல்கள் குறுக்கு விசாரணையில் மிரட்டுவார்களே என்று பெற்றோர் பயப்படுவார்கள். போக்சோ சிறப்பு நீதிமன்றத்தில் எந்த வழக்கறிஞரும் குழந்தையிடம் நேரடியாகக் கேள்வி கேட்பதில்லை. கேள்விகளை நீதிபதியிடம் தர வேண்டும். நீதிபதிதான் குழந்தையிடம் கேட்பார். சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படாதபடி ஏற்பாடு செய்ய வேண்டும். வாக்குமூலம் வாங்க வரும் காவல் அலுவலர் சீருடையில் இருக்கக் கூடாது. இந்த மூன்றையும் ஒரு தாயிடம் நாம் எடுத்துச் சொன்னால், அவர் பின்வாங்காமல் இருக்க அதுவே போதுமானதாக இருக்கலாம்.

வகுப்பறையில்

நான் இப்போது இந்தப் பாடத்துக்கு முத்தம்மாவின் வழக்கை எடுத்துக்கொள்கிறேன். உண்மையான வன்கொடுமை வழக்கை மாணவர்களை நடிக்க வைக்கக் கூடாது. வகுப்பில் யாருடைய மனதில் என்ன காயம் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரிக்கிறேன். ஒரு குழு முத்தம்மாவின் வழக்கறிஞர்கள், ஒரு குழு அரசின் வழக்கறிஞர்கள், ஒரு குழு நீதிபதிகள். அரசியலமைப்பின் 14, 15, 16 பிரிவுகளை மட்டும் கையில் கொடுக்கிறேன். பாதி நேரம் ஆனதும், வாதாடும் இரு குழுக்களும் தரப்பு மாற வேண்டும். இதுவரை எதிர்த்து வாதாடியதை இனி ஆதரித்து வாதாட வேண்டும். ‘வக்கீல் பொய் பேசுபவர்’ என்ற எண்ணம் அந்தப் பத்து நிமிடத்தில் கொஞ்சம் மாறுகிறது. ஒரு தரப்பை முழுமையாகச் சொல்லிப் பார்த்தால்தான் அதன் ஓட்டை தெரியும் என்பதை அவர்களே கண்டுகொள்கிறார்கள்.

பள்ளியில் நாம் செய்யக்கூடியதும் சிறியதுதான். உள்ளகக் குழுவின் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதில் மாறுதலானவர், ஓய்வு பெற்றவர் பெயர்கள் இருந்தால் தலைமையாசிரியரிடம் சொல்லிப் புதுப்பிக்கச் செய்யுங்கள். அந்தப் பட்டியலைத் தூய்மைப் பணியாளரும், சத்துணவு சமைப்பவரும், காலை உணவுத் திட்டத்தில் வேலை செய்யும் சகோதரியும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.

மறுநாள் அந்த மாணவிக்குப் பதில் சொன்னேன். “குற்ற வழக்குல அவங்களுக்கு நீதி கிடைக்கலம்மா. அது தோல்விதான். அதை ஜெயிச்சதா மாத்திச் சொல்லக் கூடாது. ஆனா அவங்களுக்குக் கிடைக்காத பாதுகாப்பு, அவங்க வழக்கால உனக்குக் கிடைச்சிருக்கு.”

அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “எங்கம்மா மில்லுலதான் வேலை பாக்குறாங்க. அவங்களுக்கும் உண்டா டீச்சர்?” என்று கேட்டாள்.

“உண்டு. வீட்டுக்குப் போய் அம்மாகிட்டச் சொல்லு” என்றேன். அன்று நான் யாரையும் காத்திருக்கச் சொல்லவில்லை.